தானியங்கி விசையும் நம் கைவிரலும்



வீட்டில் ஒரு திருமணம், ஒரு காதணி விழா, பிள்ளைகளின் பள்ளியில் ஓர் ஆண்டுவிழா என்றால் இன்று யாராவது ஒருவர் கையில் கேமரா இருக்கிறது. சிலர் தனியாக வீடியோ கேமரா வாங்கி வைத்திருக்கிறார்கள். பலருக்குக் கைத்தொலைபேசியே கேமராவாகிவிட்டது. 1983ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் கேமராவையும் பதிவுக் கருவியையும் ஒன்றாக்கி, ‘பீட்டாமூவி’ என்ற பெயரில் வீட்டு உபயோகத்திற்கு வெளியிட்டது. அது தோளில் சுமக்கவேண்டிய ஒரு பெட்டி. எடுத்த படத்தை அதிலேயே போட்டுப் பார்க்கவும் முடியாது. அந்த நிலையிலிருந்து சட்டைப் பையில் வைக்கும் அளவுக்கு இந்தக் கருவி சுருங்கிவிட்டது. ஆனால் ஒரு குழப்பம் மட்டும் அன்றுபோல் இன்றும் நீடிக்கிறது. கேமராவின் பக்கவாட்டில் ‘ஆட்டோ’ என்றும் ‘மானுவல்’ என்றும் எழுதியிருக்கிறதே, அந்த விசையை எந்தப் பக்கம் வைப்பது? இன்றைய உரையில் நாம் இதைப் பற்றித்தான் சிந்திக்கப் போகிறோம்.

‘ஆட்டோ’ என்றால் தானே இயங்குவது. ‘மானுவல்’ என்றால் நம் கையால் இயக்குவது. சொல் எளிது. எதைத் தானே இயக்குகிறது, எதை நாம் இயக்கவேண்டும் என்பதைப் புரிந்துகொள்வதில்தான் காரியம் இருக்கிறது.

இதில் எங்களுக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. 1991ஆம் ஆண்டில் எங்கள் வீட்டில் ஒரு திருமணம் நடந்தது. இரவல் வாங்கிய கேமராவில் நாங்களே படம் எடுத்தோம். திருமணத்தன்று காலை, வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் நாற்காலி போட்டுத் தாத்தாவை உட்காரவைத்தோம். மணமக்களுக்கு ஆசி சொல்லும்படி கேட்டோம். தாம் கப்பலேறி வந்த கதையில் தொடங்கி, பத்து நிமிடத்திற்கு மேல் அழகாகப் பேசினார். படத்தைப் போட்டுப் பார்த்தபோது அவர் குரல் தெளிவாக இருந்தது. பின்னால் இருந்த ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே நின்ற வாழை மரமும் பளிச்சென்று தெரிந்தன. தாத்தாவின் முகம் மட்டும் கரிய நிழலாக இருந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் காலமானார். அவர் பேசும் காட்சியாக எங்களிடம் இருப்பது அந்த நாடா ஒன்றுதான். பிற்பாடு கணினியில் போட்டு வெளிச்சம் கூட்டிப் பார்த்தோம். முகம் வரவில்லை, புள்ளிப் புள்ளியாக மணல்தான் வந்தது. நாடாவில் பதியாத ஒன்றைப் பின்னால் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

அன்று கேமரா பழுதாகியிருந்ததா? இல்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. அந்த வேலை என்ன என்பது எங்களுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

முதலில் வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். தானியங்கி நிலையில் இருக்கும் கேமராவுக்கு அடிப்படையில் ஒரு கணக்குத்தான் தெரியும். காட்சி முழுவதிலிருந்தும் வரும் ஒளியைச் சேர்த்துச் சராசரி பார்க்கிறது. அந்தச் சராசரி, வெள்ளையும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கவேண்டும் என்று சரிசெய்கிறது. காட்சியில் ஜன்னல் மிகப் பிரகாசமாக இருந்தால், ‘ஒளி கூடிவிட்டது’ என்று முடிவு செய்து எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது. ஜன்னல் அளவாகத் தெரிகிறது. அதன் முன்னால் இருக்கும் முகம் இருண்டுவிடுகிறது. நமக்கு முக்கியமானது தாத்தாவா, வாழை மரமா என்பது கேமராவுக்கு எப்படித் தெரியும்?

இது ஜன்னலோரத்தில் மட்டும் நடப்பதன்று. வெள்ளைச் சுவரின் முன் நம்மவர் ஒருவரை நிறுத்திப் படம் எடுத்தால், மாநிறமான முகம் இன்னும் கறுத்துத் தெரிவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அது முகத்தின் குற்றமன்று. வெள்ளைச் சுவரைச் சாம்பலாக்கப் புறப்பட்ட கேமரா, முகத்தையும் சேர்த்து இருட்டிவிட்டது. இதற்கு எதிரான நிலையும் உண்டு. இருண்ட மேடையில் ஒரு பெண் விளக்கொளியில் பரதநாட்டியம் ஆடுகிறாள். சுற்றிலும் கறுப்புத் திரை. கேமரா அந்தக் கறுப்பைச் சாம்பலாக்க முயல்கிறது. அதனால் ஆடும் பெண்ணின் முகம் கண்ணும் மூக்கும் தெரியாமல் வெளுத்துப் போகிறது.

இவ்விரண்டுக்கும் உடனடி மருந்தாகப் பல கேமராக்களில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று ‘பேக்லைட்’. பின்னால் வெளிச்சம் இருக்கும்போது இதை அழுத்தினால் கேமரா ஒளியைக் கூட்டி முகத்தைத் தெளிவாக்கும். மற்றது ‘ஸ்பாட்லைட்’. மேடை விளக்கில் நிற்பவரை எடுக்கும்போது இதை அழுத்தினால் ஒளியைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் தாத்தாவின் முகத்தைக் காப்பாற்ற, அன்று அந்த முதல் பொத்தானை ஒருமுறை தொட்டிருந்தால் போதும். நாற்காலியைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழும்படி வைத்திருந்தால் அந்தப் பொத்தான்கூடத் தேவைப்பட்டிருக்காது.

இனி, வெளிச்சத்தை நம் கையில் எடுத்துக்கொள்ள விரும்பினால் என்ன செய்யலாம்? அதற்கு மூன்று கைப்பிடிகள் உள்ளன.

முதலாவது ‘ஐரிஸ்’ எனப்படும் துளை. நம் கண்மணி வெயிலில் சுருங்கி இருட்டில் விரிவதுபோல லென்சுக்குள் இருக்கும் துளையும் சுருங்கி விரிகிறது. அதன் அளவை எஃப் 2, 2.8, 4, 5.6, 8, 11 என்ற எண்களால் குறிக்கிறார்கள். ஒவ்வோர் எண் ஏறும்போதும் உள்ளே வரும் ஒளி பாதியாகக் குறைகிறது. எண் பெரிதானால் துளை சிறிதாகிறதே என்று குழம்பவேண்டாம். ஒரு ரொட்டியை இரண்டாகப் பங்கிட்டால் துண்டு பெரிது. எட்டாகப் பங்கிட்டால் துண்டு சிறிது. இந்தக் கணக்கும் அப்படித்தான்.

இரண்டாவது ‘ஷட்டர்’. ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் ஒளியை வாங்கிக்கொள்கிறது என்பதை இது தீர்மானிக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதனால் பல குழல்விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கி மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை, கேமராவுக்குத் தெரிகிறது. ஷட்டரை 50இல் ஒரு பங்கு வினாடி அல்லது 100இல் ஒரு பங்கு வினாடி என்று வைத்தால், ஒவ்வொரு படத்திலும் இந்தத் துடிப்பு முழுமையாக அடங்கிவிடும். 60இல் ஒரு பங்கு என்று வைத்தால் கணக்குப் பொருந்தாது. படம் மினுங்கும், அல்லது பட்டை பட்டையாக ஓடும். மின்சாரம் 60 சுழற்சியாக இருக்கும் நாட்டில் வாங்கிய கேமராவைக் கொண்டுவந்து, மண்டபத்தில் எடுத்த படம் துடிக்கிறதே என்று வருந்துவோருக்கு விடை இதில்தான் இருக்கிறது. பூப்பந்து ஆட்டம், சிலம்பம் போன்ற வேகமான காட்சிகளை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் 500இல் ஒரு பங்கு, 1000இல் ஒரு பங்கு என்று வேகத்தைக் கூட்டலாம். அதற்கு நல்ல பகல் வெளிச்சம் வேண்டும்.

மூன்றாவது ‘கெய்ன்’. இது ஒளியைக் கூட்டுவதன்று. உள்ளே வந்த ஒளியினால் உண்டான மின்சமிக்ஞையைப் பெருக்குவது. 6 டெசிபல் கூட்டினால் சமிக்ஞை இரண்டு மடங்காகும். 12 டெசிபலுக்கு நான்கு மடங்கு. 18 டெசிபலுக்கு எட்டு மடங்கு. பழுதான ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் பேச்சோடு இரைச்சலும் சேர்ந்து உயர்வதைப் போல, கெய்னைக் கூட்டினால் படத்தோடு மணற்புள்ளிகளும் கூடும். தானியங்கி நிலையில், இருட்டு வந்தவுடன் கேமரா நம்மைக் கேட்காமலே கெய்னை ஏற்றிவிடுகிறது. தீபாராதனைக்காகக் கருவறை விளக்குகளை அணைக்கும்போது படம் புள்ளி புள்ளியாக மாறுவது இதனால்தான். கருவறை இருட்டாக இருப்பதே அந்தக் காட்சியின் அழகு. அங்கே கெய்னைக் கையால் குறைத்து, இருட்டை இருட்டாகவே விட்டுவிட்டால், தீபத்தின் சுடரும் அது தொட்ட இடங்களும் மட்டும் தெரியும். கண் கண்டதும் அதைத்தானே.

இவற்றோடு சில கேமராக்களில் ‘என்.டி.’ என்று ஒரு வடிகட்டியும் இருக்கும். அது கேமராவுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடி. நம் நாட்டு நண்பகல் வெயிலில் துளை அளவுக்கு மீறிச் சுருங்கினால் படத்தின் கூர்மை குறையும். அந்த வேளையில் வடிகட்டியைப் போட்டுக்கொண்டால் துளை இயல்பான அளவில் இருக்கும். வீட்டுக்குள் வந்ததும் எடுத்துவிட மறக்கக்கூடாது.

அடுத்து நிறம். நம் கண்ணுக்கு வெள்ளை வேட்டி எங்கும் வெள்ளைதான். ஆனால் ஒளிக்கு ஒளி நிறம் மாறுகிறது. இதைக் கெல்வின் என்ற அளவால் குறிக்கிறார்கள். குண்டு பல்பின் மஞ்சள் ஒளி சுமார் 2800 முதல் 3200 கெல்வின் வரை. பகல் வெயில் சுமார் 5600. மரநிழலில் அது இன்னும் கூடி நீலம் பாரிக்கும். எண் கூடக் கூட நீலம், குறையக் குறையச் செம்மஞ்சள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கேமராவில் சூரியப் படம் போட்ட நிலையும் பல்பு படம் போட்ட நிலையும் இதற்காகவே இருக்கின்றன. பல்பு நிலையில் வைத்துக்கொண்டு வெயிலில் எடுத்தால் ஊரே நீலமாகிவிடும். சூரிய நிலையில் வைத்துக்கொண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் எல்லாருக்கும் மஞ்சள் காமாலை வந்தது போலிருக்கும்.

தானியங்கி நிலையில் கேமரா, காட்சியில் எது வெள்ளையாக இருக்கக்கூடும் என்று ஊகித்துக்கொள்கிறது. பெரும்பாலும் ஊகம் சரியாகவே இருக்கும். ஆனால் மஞ்சள் பட்டும் சாமந்திப்பூவும் குத்துவிளக்கொளியும் நிறைந்த மணவறையை அது ‘மஞ்சள் மிகுந்துவிட்டது’ என்று நினைத்து, அந்தப் பொன்னிறத்தையே கழுவிவிடப் பார்க்கும். இதற்குக் கைவழி எளிது. படம் எடுக்கும் இடத்தின் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தையோ வெள்ளைத் துண்டையோ பிடிக்கச் சொல்லுங்கள். திரை முழுவதும் அது நிறையும்படி நெருங்குங்கள். ‘ஒயிட் பேலன்ஸ்’ பொத்தானை அழுத்துங்கள். மின்னிக்கொண்டிருக்கும் அடையாளம் நின்றதும், ‘இதுதான் வெள்ளை’ என்று கேமரா பாடம் கற்றுக்கொண்டது என்று பொருள். விளக்கின் பொன்னொளி அப்படியே நிற்கவேண்டும் என்று விரும்பினால், காகிதம் பிடிக்காமல் சூரிய நிலையிலேயே வைத்து எடுத்துப் பாருங்கள்.

வெளிச்சமும் நிறமும் ஒருசேர மாறும் இடம் வேண்டுமானால், தைப்பூசத்தன்று பத்துமலைக்குக் கேமராவுடன் போகவேண்டும். கீழே 2006ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட முருகன் சிலை, 42.7 மீட்டர் உயரத்தில் வெயிலில் தகதகக்கிறது. அதைக் கீழிருந்து எடுத்தால் பின்னால் வெண்மையான வானம், சிலை இருளும். 272 படிகளையும் காவடியைத் தொடர்ந்து ஏறிக் குகைக்குள் நுழைந்தால், ஒரே நொடியில் வெயில் போய் இருட்டு வருகிறது. இத்தகைய இடத்தில் தானியங்கி நிலையே நமக்குத் துணை. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நடக்கும்போது துளையையும் நிறத்தையும் கையால் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. தானியங்கி என்பது தெரியாதவர்களுக்கு உரியது, கைமுறை என்பது தெரிந்தவர்களுக்கு உரியது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. காட்சி ஓடிக்கொண்டிருந்தால் தானியங்கி. காட்சி ஓரிடத்தில் நின்றால் கைமுறை. பெரும்பாலும் இந்த விதி பொருந்தும்.

மூன்றாவதாகக் கூர்மை, அதாவது ‘ஃபோகஸ்’. பல கேமராக்கள் லென்சை முன்னும் பின்னும் சற்று நகர்த்திப் பார்த்து, எங்கே கோடுகள் கூர்மையாகத் தெரிகின்றனவோ அங்கே நிறுத்துகின்றன. கோடே இல்லாத வெற்றுச் சுவர், மங்கிய வெளிச்சம், கோயில் கம்பிக் கதவு, குறுக்கே நடக்கும் மனிதர் ஆகிய இந்த நான்கும் அதை ஏமாற்றும். திருமணத்தில் தாலி கட்டும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். அட்சதை பறக்கிறது. யாரோ ஒருவர் கை நீட்டுகிறார். கேமரா அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறது. மீண்டும் மணமக்களைத் தேடி அது வருவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிடும். அந்த ஒரு நிமிடம் திரும்ப வராது.

ஆகவே மணமக்கள் உட்கார்ந்தவுடனே ஜூமை முழுவதும் இழுத்து, மணமகளின் நெற்றிப் பொட்டைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஃபோகஸ் விசையைக் கைமுறைக்கு மாற்றிவிடுங்கள். அதன்பின் ஜூமைத் திரும்ப விரித்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கேமராவும் மணமக்களும் இடம் மாறாதவரை, குறுக்கே யார் வந்தாலும் கூர்மை குலையாது. பல கைத்தொலைபேசிகளில் திரையில் முகத்தின்மேல் விரலைச் சற்று நேரம் அழுத்தினால் கூர்மையும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அதுவும் இதே வித்தைதான்.

நான்காவதாக ஒலி. வானொலி கேட்கும் உங்களுக்கு இது நன்றாகவே புரியும். கேமராவின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு, சத்தம் கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும். கெட்டிமேளம் முழங்கும்போது ஒலியைத் தாழ்த்துகிறது. மேளம் நின்றவுடன் பேசுகிறவரின் முதல் சில சொற்கள் அந்தத் தாழ்விலேயே அமுங்கிப் போகின்றன. சபை அமைதியாக இருக்கும்போதோ அது ஒலியை ஏற்றிக்கொண்டே போய், மின்விசிறியின் இரைச்சலைக் காற்றடிப்பதுபோல் கேட்கவைக்கிறது. ஒலி அளவைக் கையால் வைக்கும் வசதி இருந்தால், மேளம் முழங்கும்போதே அளவுகாட்டியைப் பாருங்கள். முள்ளோ பட்டையோ சிவப்பைத் தொடாதபடி வைத்து, அப்படியே விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. சில கேமராக்களில் மூன்று நிலை கொண்ட ஒரு விசை இருக்கிறது. ஒரு முனையில் ‘ஆட்டோ லாக்’; மறுமுனையில் ‘ஹோல்டு’; இடையில் பெயரில்லாத ஒரு நிலை. ‘ஆட்டோ லாக்’ என்றால் துளை, ஷட்டர், கெய்ன், நிறம் முதலியவற்றைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். நம் விரல் பட்டாலும் கேட்காது. நடு நிலையில் வைத்தால் ஒவ்வொன்றையும் நாம் தனித்தனியே மாற்றலாம். ‘ஹோல்டு’ என்றால் நாம் மாற்றிவைத்தது அப்படியே பூட்டப்படும். தவறி விரல் பட்டாலும் கலையாது. ‘பொத்தான்கள் வேலை செய்யவில்லை’ என்று கேமராவைக் கடைக்கு எடுத்துப் போகுமுன், இந்த விசை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பூட்டிய வீட்டின் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கதவு பழுது என்று சொல்லலாமா?

நடு நிலையில் வைத்தவுடன் எல்லாவற்றையும் நாமே கவனிக்க வேண்டியதில்லை என்பதும் முக்கியம். ஒன்றை மட்டும் நம் கையில் எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கேமராவிடமே விட்டுவிடலாம். புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் ஃபோகஸை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். அது கைவந்த பிறகு நிறம். அதன் பிறகு துளை. இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டால் அச்சம் வராது.

ஒரு பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். படம் எடுத்து முடித்து கேமராவைப் பையில் வைக்குமுன், எல்லா விசைகளையும் தானியங்கி நிலைக்குத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் நேற்றிரவு மண்டப விளக்குக்கு வைத்த நிறம், நாளைக் காலை பேரன் முதல் அடி எடுத்துவைக்கும்போது அவனை நீலமாக்கிவிடும். திடீரென்று கேமராவை எடுக்க நேரும் வேளைகளில் தானியங்கியைப் போல நம்பகமான நண்பன் கிடையாது.

இந்த வாரக் கடைசியில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, பழைய கதை ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் தானியங்கியில் ஒரு நிமிடம் எடுங்கள். பிறகு பேக்லைட் பொத்தானை அழுத்தி ஒரு நிமிடம். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஒரு நிமிடம். மூன்றையும் அவரோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். எந்த விசை எதற்கு என்பது அப்போது புத்தகம் படிக்காமலே விளங்கும். அதோடு, அந்த முகமும் உங்கள் வீட்டில் தெளிவாக இருக்கும்.